மஞ்சள் மூலை

செஞ்சிக்காரர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் காதைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்வது. அதற்கு மேலும் குளிர்ந்தால் அது காய்ச்சல். சுற்றியிருக்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில், வெயில் ஏறத் தொடங்கிய மாதங்களில், என் அம்மா ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். சும்மா கற்றுக்கொள்ளவில்லை, வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினாள். இதைச் சொல்லும்போது இந்த வயதிலும் என் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

சீனாக்காரன் சண்டை நின்றதற்கு அடுத்து வந்த தை மாதத்தில் அந்த வகுப்பு ஆரம்பமானது. பிளாக் ஆபீசை ஒட்டிய மாதர் சங்கக் கட்டடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும். சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் புருஷனின் வேலை நிமித்தமாகப் பல வருஷம் ஊட்டியில் இருந்தவர். அதனால் அவர் ஊருக்கே ஊட்டி டீச்சர் ஆகிவிட்டார். வடக்கே எல்லையில் சிப்பாய்கள் பனியில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னக் கைகள் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வகுப்பு முடிவில் ஒரு பரீட்சை உண்டு. தேறியவர்களுக்கு மட்டும்தான் பட்டாளத்து உல்லன் நூலைக் கொடுப்பார்கள். தேறாதவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்னிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு அந்தப் பட்டாளத்து நூல் வேண்டும். அவளுடைய ஒரே தம்பி, என் மாமா, அந்தப் பட்டாளத்தில்தான் இருந்தார்.

மாமாவின் ஊர் அவலூர்பேட்டை. மேல்மலையனூர்த் திருவிழாவுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். சண்டை தொடங்கியதிலிருந்து அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவரோடு பட்டாளத்தில் சேர்ந்த இன்னொரு அவலூர்பேட்டைக்காரர் லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து, பனியில் பின்வாங்கி வரும்போது பிரிந்துபோய்விட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கொடுத்த காப்பியை அவர் குடிக்காமலே வைத்துவிட்டதை நான் பார்த்தேன். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நானும் மேல்மலையனூர்க் கூட்டத்தில் பிரிந்துபோனவள்தான். சாயங்காலம் ஒரு வளையல் கடையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது என்னைக் கண்டுபிடித்தார்கள். மாமாவையும் அப்படி எவராவது உட்கார வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு பெரிய குடும்பம். முன்பக்கம் கடைவீதியைப் பார்த்து, நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் மளிகைக் கடை, பின்பக்கம் வீடு, வீட்டுக்குள் பெரியம்மாவின் ராஜ்ஜியம். வகுப்புக்குப் போக அம்மா அனுமதி கேட்டபோது நைனா சிரித்துவிட்டார்.

"செஞ்சியில ஸ்வெட்டரு யாருக்கு? ராஜகிரி மலைக்கா போட்டு வுடப் போற?"

"பட்டாளத்துக்கு" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். நைனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மறுநாள் அவரே பெரியம்மாவிடம் போய், மத்தியான வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வார்த்தையில் அனுமதி வாங்கும் வித்தையை அம்மாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு லேசுப்பட்டதாக இல்லை. கூடத்தில் ஒரு மின்விசிறி இருந்தது, கரண்ட் இருந்தால் அது சுற்றும். இல்லாத நேரத்தில் உள்ளங்கை வேர்த்து, உல்லன் விரலில் ஒட்டி, ஊசி நகராது. பெண்கள் எல்லோரும் முகத்துக்குப் போடும் பவுடரைக் கையில் பூசிக்கொண்டு பின்னினார்கள். அம்மா முதன்முதலில் பின்னியது ஒரு சதுரத் துண்டு. நான்கு பக்கமும் நான்கு விதமாக இழுத்துக்கொண்டு, எதற்கும் உதவாத மாதிரி இருந்தது. அதைப் பெரியம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியை அதால் பிடித்து இறக்கினாள்.

"நல்லாத்தான் இருக்குது. கை சுடல" என்றாள்.

பெரியம்மா வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு அடுத்த துண்டை ஆரம்பித்தாள். அதையும் பெரியம்மா அடுப்படிக்கு எடுத்துக்கொண்டாள். பங்குனி பிறப்பதற்குள் எங்கள் சமையலறையில் எந்தப் பாத்திரத்தையும் புடவைத் தலைப்பால் இறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

பரீட்சைக்கு ஒரு குழந்தை ஸ்வெட்டர் பின்ன வேண்டும். முன்பக்கம் திறந்து பொத்தான் வைத்தது. நிறம் இரண்டு, அது அவரவர் விருப்பம். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்த வளையல் ரிப்பன் கடைக்காரர் மெட்ராசிலிருந்து ஒரு மூட்டை உல்லன் வரவழைத்திருந்தார். செஞ்சியில் உல்லன் விற்பவர் என்று அதற்கு முன்பு ஒருவரும் இருந்ததில்லை. அவர் பொம்மைக் கொலு மாதிரி உருண்டைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வகுப்பே திரண்டு போனது. பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் நானும் போனேன்.

நூல் வாங்குவது என்று சொன்னாலும் அங்கே நடந்தது புடவை எடுப்புதான். ஒவ்வொருத்தியும் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாம்பழக் கலருக்கு அரக்குக் கரை என்றாள் ஒருத்தி. வெங்காயத்தோல் கலருக்குப் பச்சைக் கரை என்றாள் இன்னொருத்தி. கறுப்பை ஒருத்தியும் தொடவில்லை. ஸ்வெட்டருக்குக் கரையே கிடையாது என்று ஊட்டி டீச்சர் சொல்லிப் பார்த்தார். கரை இல்லாமல் எப்படித் துணி என்று எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைக்காரர் வாசலில் நின்று, ஓடிவிடப் போகிற ஆட்டுக்குட்டிகளை எண்ணுவதுபோல உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஸ்வெட்டர் எனக்குத்தான் என்பதால் நிறமும் என்னுடையதாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். கிளிப்பச்சை உடம்பு, சிவப்புக் கரை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு உருண்டையாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து மணிக்கட்டின்மேல் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் எனக்காக எதையும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் மயில்கழுத்து நீலத்தையும் சந்தனக் கலரையும் எடுத்தாள். நான் நடுத்தெருவில் அழுதேன்.

"கிளி மாதிரி கட்டிகினு இன்னா, கொய்யா மரத்துல போயி ஒக்காரப் போறியா?" என்று கேட்டுவிட்டு அம்மா நடந்தாள்.

அந்த ஸ்வெட்டர் வளர வளர என் கோபம் தேய்ந்தது. முதுகு முடிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கைகள் முடிந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். முன்பக்கம் பொத்தான் வைக்கும் சந்தனப் பட்டியை அம்மா கழுத்திலிருந்து பின்னிக்கொண்டே கீழே இறங்கி, விளிம்பில் கொண்டுவந்து முடித்தபோது, கிளிப்பச்சை என்று ஒரு நிறம் உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நீலம் வெயிலில் ஒரு மாதிரியும் நிழலில் ஒரு மாதிரியும் இருந்தது. அதன் ஓரத்தில் சந்தனம் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. சந்தன நூலில் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. அம்மா அளந்த அளவு அப்படி.

பரீட்சை சித்திரையில் வந்தது. எனக்குப் பள்ளிக்கூட லீவு. அன்று காலை அம்மா தலைக்குக் குளித்து, ஸ்வெட்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சளைக் குழைத்து விளிம்பின் மூலையில் விரலால் ஒரு தீற்று வைத்தாள். எங்கள் பக்கத்தில் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் ஒருவரும் உடம்பில் போடுவதில்லை. தீபாவளிச் சட்டையிலிருந்து கல்யாணப் புடவை வரைக்கும் அதுதான் வழக்கம். அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

பரீட்சைக்கு விழுப்புரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, தோல் பை, கஞ்சி போட்ட புடவை. ஒவ்வொரு ஸ்வெட்டரையும் உள்பக்கம் திருப்பி, முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார். அம்மாவின் ஸ்வெட்டரைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பட்டியை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்த விரல் மூலையில் நின்றது.

"இது என்ன கறை?"

கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் அது கறை இல்லை, மஞ்சள் என்றார்கள். அந்த அம்மாள் கையை உயர்த்தினார். அவர் பொல்லாதவர் இல்லை. குரலும் உயரவில்லை.

"மஞ்சள்னு எனக்கும் தெரியும்மா. நானும் வைக்கிறவதான். ஆனா அது வீட்டுத் துணிக்கு. பரீட்சைக்கு வைக்கிற துணியில கறை இருந்தா நான் தேர்ச்சி போட முடியாது. நாளைக்குப் பட்டாளத்து ஸ்வெட்டர்லயும் இப்படி வச்சு அனுப்பினா யார் பதில் சொல்றது?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. உல்லனில் ஏறிய மஞ்சள் தண்ணீரில் போகாது. அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க எந்த பஸ்ஸுக்குப் போறீங்க?"

சாயங்கால பஸ் என்றார் அந்த அம்மாள். மற்றவர்களுடையதைப் பார்த்து முடித்துச் சாப்பிடவும் வேண்டும். அதற்குள் சரி செய்தால் மறுபடி பார்க்கிறேன் என்றார்.

அம்மா ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். பட்டியின் கடைசி முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் பட்ட இடம் போகும்வரை வரிசை வரிசையாகப் பிரித்தாள். பின்ன அவ்வளவு நாளான சங்கதி பிரிக்கும்போது சரசரவென்று வந்தது. கறைபட்ட நூலைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, கண்ணிகளை ஊசியில் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஓடு. அதே கடையில அதே சந்தனக் கலர்ல ஒரு சின்ன உருண்டை. நைனா பேரு சொல்லு, குடுப்பாரு."

நான் ஓடினேன். சித்திரை வெயிலில் தார் ரோடு காலைப் பிடித்துக்கொண்டது. கடையில் சந்தனக் கலர் இல்லை. முந்தின வாரமே தீர்ந்துவிட்டதாம். கடைக்காரர் மிச்சமிருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டார். அதில் ஒரு கிளிப்பச்சை உருண்டை இருந்தது. பொய் சொல்வானேன், என் கை முதலில் அதன்மேல்தான் போனது. ஆனால் அம்மாவின் வெளுத்த முகம் நினைவுக்கு வந்தது. இருக்கிறதில் சந்தனத்துக்குக் கொஞ்சமாவது சொந்தம் கொண்டாடக்கூடியது எது என்று தேடினேன். மஞ்சள் இருந்தது. அசல் மஞ்சள் கிழங்கின் நிறம். அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

அம்மா அந்த உருண்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று இரண்டடி தள்ளி நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாமா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. பவுடர் டப்பாவைத் தட்டிக் கையில் பூசிக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய விழுப்புரத்து அம்மாள் முன்னால் அம்மா ஸ்வெட்டரை நீட்டினாள். மயில்கழுத்து நீலம், சந்தனப் பட்டி, அந்தப் பட்டி முடிகிற மூலையில் மட்டும் பளிச்சென்று மஞ்சள். காலையில் விரல் வைத்த அதே இடம், கிட்டத்தட்ட அதே அளவு.

"இது கறை இல்லீங்கம்மா. கலரு" என்றாள் அம்மா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தார். உள்பக்கம் திருப்பினார். சந்தனம் முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில் முடிச்சைத் தேடினார். நகத்தால் நெருடிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"ஒரு பக்கம் மட்டும் வச்சிருக்கியே, அந்தப் பக்கம்?"

"மஞ்சள் ஒரு மூலையிலதாங்க வெப்போம்."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. அவர் அவசரப்படாமல் ஸ்வெட்டரை மடித்து, இதுதான் முதல் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதை அன்று தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சர்டிபிகேட் கொடுத்த விழா கத்திரி வெயிலில் நடந்தது. நான் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கழற்றச் சொன்ன ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டபோது என் கண்ணில் வழிந்தது வேர்வையா வேறா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் உடம்பெல்லாம் வேர்க்குரு. பெரியம்மா நுங்குத் தண்ணியைத் தடவிக்கொண்டே, "ஆத்தாளுக்கு சர்டிபிகேட்டு, பொண்ணுக்கு வேர்க்குரு" என்றாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அதையே சொல்லிச் சிரித்தபோது அவளை ஒரு பிடி பிடித்துவிட்டாள். நைனா கடைக்கு வெல்லம் வாங்க வந்தவர்களிடம்கூட, மடிக்கும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் கதையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெல்லத்தைக் கொடுத்தார்.

பட்டாளத்து உல்லன் வந்தது. மூட்டை மூட்டையாக ஒரே பாசிப்பச்சை. அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அம்மா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சோறு வடித்த கையோடு ஊசியை எடுப்பாள். கடையில் நைனாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நிற்கிற நேரத்தில்கூடப் பின்னுவாள். ஒவ்வொரு ஸ்வெட்டரும் முடிகிற இடத்தில், விளிம்பின் உள்பக்கம், வெளியே துளியும் தெரியாதபடி மஞ்சள் நூலில் ஒரு சின்ன மூலை வைப்பாள். ஊட்டி டீச்சர் ஒருநாள் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, திரும்ப நேராக்கி மடித்து, மற்றவற்றோடு வைத்துவிட்டார். மஞ்சள் உருண்டை தீரும்போதெல்லாம் கடைக்கு ஓடுவது என் வேலையாயிற்று. அது எங்கள் அம்மாவின் மார்க் என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டேன். சைக்கிளுக்கும் சோப்புக்கும் மார்க் இருக்கும்போது என் அம்மாவுக்கு இருக்கக்கூடாதா?

முதல் மூட்டை அனுப்புகிற நாளன்று அம்மா ஸ்வெட்டர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இதுல மாமாவுக்கு எதும்மா?"

அம்மா கையிலிருந்ததை மடித்து முடித்தாள். மூலையில் மஞ்சள் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எல்லாமே உங்க மாமனுக்குத்தான்" என்றாள்.

நான் அந்த அடுக்கை மேலிருந்து கீழே வரை பார்த்தேன். இத்தனையையும் ஒரே ஆள் எப்படிப் போட்டுக்கொள்வார் என்று யோசித்தேன். அங்கே அவ்வளவு குளிர் போலிருக்கிறது, பாவம் மாமா, என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மூட்டைக்கு மஞ்சள் உருண்டை வாங்கக் கடைக்கு ஓடினேன்.